ஐந்து முதுகுகளும் ஒரு கிளிப்பச்சைச் சட்டையும்

மொன்றியலில், சென் லோரான் தெருவில் ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. அதன் சுவரில் ஓர் இசைத்தட்டின் அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறார்கள். படத்தில் ஐந்து ஆண்கள் ஒரு மேடையில் நிற்கிறார்கள். ஐவரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவருடைய தோளில் கித்தார் வார் தெரிகிறது; இன்னொருவருடைய நரைத்த சுருட்டைத் தலை மேடை வெளிச்சத்தில் பஞ்சுப் பொதிபோல் இருக்கிறது. அவர்களுக்கு எதிரே, மேலிருந்து கீழ்வரை, ஒரு கறுப்புத் திரை. வேறொன்றும் இல்லை. அண்மையில் ஒருநாள் கோப்பிக்காகக் காத்து நின்றபோது நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, கடைக்காரர் எனக்கு உதவி செய்கிற நினைப்பில் விளக்கம் சொல்லத் தொடங்கினார். இது பிரேசிலின் பழம்பெரும் இசைக்குழுவாம். சம்பா நடனத் தாளத்தோடு சோல் இசையையும் ரொக்கையும் கலந்தவர்களாம். நாட்டை இழந்த மனிதர்கள் தங்கள் கடந்தகாலத்தின் இருட்டை நோக்கித் திரும்பி நிற்பதையே படம் காட்டுகிறதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்தத் திரைக்குப் பின்னால் என்னுடைய மாமா நிற்கிறார்” என்று பிரெஞ்சில் சொன்னேன். அவர், “எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டீர்கள்” என்றார். நான் கவிதை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

நான் கவிதை சொல்லவில்லை. அந்தத் திரைக்குப் பின்னால் என் அம்மாவின் தம்பி, மன்னாரிலிருந்து வந்து இந்த நகரத்தின் லாசால் பகுதியில் குடியிருந்தவர், கிளிப்பச்சை நிறச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பளவு உயரமான முரசு ஒன்றைத் தோளில் மாட்டியபடி நின்றார். அவர் அங்கே நின்றதற்கும் படத்தில் தெரியாமல் போனதற்கும் காரணமானவர்களை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகும். எத்தனையோ வருடமாயிற்று, இன்னும் என்ன கோபம் என்று கேட்கிறவர்கள் உண்டு. வருடம் போனால் கோபம் போகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

மாமாவை நீங்கள் சாதுவான மனிதராகக் கற்பனை செய்துவிடக் கூடாது. அடக்கம் என்ற சொல்லை அவர் அகராதியில்கூடப் பார்த்திருக்க மாட்டார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். மெட்ரோ வண்டியின் கண்ணாடியில், கடைக் கண்ணாடியில், நிறுத்தி வைத்த காரின் கண்ணாடியில், எதில் தன் முகம் தெரிந்தாலும் நின்று தலையைச் சரிசெய்துவிட்டுத்தான் நகர்வார். இளம் வயதில் மன்னாரில் கலியாண வீடுகளுக்குப் பைலாப் பாட்டுப் பாடும் குழு ஒன்றில் கொங்கோ மேளம் அடித்தவர். “நான் அடிக்கத் தொடங்கினா மாப்பிளை பொம்பிளையைப் பாக்கிறதை விட்டிட்டு என்னைத்தான் பாப்பார்” என்பார். கனடாவுக்கு முதலில் வந்து, பிறகு எங்களையும் கூப்பிட்டெடுத்தார். பகலில் லாசாலில் ஒரு கடதாசிப்பெட்டித் தொழிற்சாலை, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பூசையின் பாடகர் குழு. அங்கே கொங்கோ அடிப்பவர் மாமாதான்.

தொழிற்சாலையில் அவருக்குப் பக்கத்தில் நின்று பெட்டி மடித்தவர் ஒரு பிரேசில்காரர். மாமா அவரைக் கித்தார்க்காரன் என்றே சொல்வார். நாங்கள் கித்தார்க்காரர் என்போம். மாமாவுக்குப் போர்த்துக்கேய மொழி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை. ஆனால் முதல் நாளே மேசையைத் தொட்டு மாமா மேசை என்றபோது அவரும் மேசா என்றாராம். சாவியும் சன்னலும் பாணும் கதிரையும் அப்படியே ஒத்துப்போயின. “ஒரே ஆக்கள்தான் பிள்ளை எங்கள் ரெண்டு பேற்றை வீட்டுக்குள்ளையும் பூந்தவங்கள்” என்று போர்த்துக்கேயரை நினைத்து மாமா சிரித்தார். மதிய இடைவேளையில் மாமா வெறும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் போட்டதைக் கேட்ட கித்தார்க்காரர், அடுத்த சனிக்கிழமையே தன் குழு வாசிக்கும் மதுச்சாலைக்கு அவரைக் கூட்டிப்போனார்.

அந்தக் குழு அவர்களுடைய நாட்டில் இளமைக்காலத்தில் பெயர் பெற்றிருந்த குழு. இராணுவ ஆட்சி நடந்த காலத்தில் கச்சேரிக்கென்று வெளியே வந்தவர்கள், திரும்பிப் போகாமல் மொன்றியலிலேயே தங்கிவிட்டார்கள். அடியில் சம்பாவின் தாளம் நிற்காமல் ஓடும். மேலே ரொக் கித்தார் அதனோடு சண்டை பிடிக்கும். நடுவில் ஒரு குரல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் கோயில் பாட்டுப்போல, கெஞ்சும், அதட்டும், திரும்பவும் கெஞ்சும். நான் முதன்முதலில் கேட்டபோது எனக்கு எதுவும் விளங்கவில்லை. கால் மட்டும் தானாக ஆடியது. அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சனத்தைப் பார்த்து வரிசையாக நிற்க மாட்டார்கள். ஒரு மேசையைச் சுற்றி வட்டமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். சனம் அவர்களைச் சுற்றி நிற்கும். எல்லாவற்றுக்கும் அடித்தளம் சுர்டோ என்ற பெரிய முரசு. ஒரு கையில் பஞ்சு சுற்றிய கோல், மறு கையின் உள்ளங்கை தோலை அமத்திப் பிடிக்கும். அந்த முரசுக்காரர் தலையசைக்காமல் யாரும் பாட்டைத் தொடங்கக் கூடாது; பாட்டு முடியும்வரை எல்லோருடைய கண்ணும் அந்தக் கையில் இருக்க வேண்டும். முன்பு முரசு வாசித்தவர் இறந்துபோனதால், அதைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். மாமா அதை எடுத்து மாட்டிய நாளிலிருந்து அது அவருடையது. பல வருடம் சனிக்கிழமைதோறும் அந்த வட்டத்தில் அவருக்கு ஓர் இடம் இருந்தது.

இந்தச் செய்தி பாடகர் குழுவை நடத்திய மாஸ்டருடைய காதுக்கு எட்டியது. தவக்காலம் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற மண்டபத்தில், அத்தனை பேருக்கும் கேட்க அவர் சொன்னார்: “குடிக்கிற இடத்திலை அடிக்கிற கையாலை பூசைக்கு அடிக்கேலாது. அதுவும் காப்பிலியளின்ரை கூத்துக்கு.” கறுப்பின மக்களை இழித்துச் சொல்லும் அந்தச் சொல்லை வீட்டில் உச்சரிக்கக்கூட அம்மா விடமாட்டார். சொன்னவரோ சற்றுமுன் நற்கருணை வாங்கிய வாயோடு நின்றார். அவருடைய மகன் கலியாணத்துக்கு அதே குடிக்கிற சாமான் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியதை ஊரே பார்த்தது. நான் வாயைத் திறக்க, மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் நின்ற காரின் கண்ணாடியில் தலையைச் சீவினார். “ஒரு நாளைக்கு உவையெல்லாம் வந்து கீழை நிண்டு என்னை அண்ணாந்து பாப்பினம், பார்” என்றார்.

அந்த நாள் வரத்தான் செய்தது. இரண்டாயிரமாம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஐரோப்பாவில் யாரோ இளைஞர்கள் அந்தக் குழுவின் பழைய பாட்டுகளைத் தேடி எடுத்து ஆடத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் கடல் தாண்டி வந்த பிறகுதான், இத்தனை காலம் இதே நகரத்தில் வாசித்தவர்கள் நகரத்தாரின் கண்ணுக்குத் தெரிந்தார்கள். கோடை இசைவிழா ஒன்றின் பெரிய வெளிமேடைக்கு அழைப்பு வந்தது. மாமா லாசாலில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டார். மாஸ்டரின் வீட்டுக்கு நேரிலேயே போனார். அம்மா தையல் கம்பனிக்கு வீட்டிலிருந்து தைப்பவர். அவரிடம் கிளிப்பச்சைச் சாட்டின் துணியைக் கொண்டுவந்து கொடுத்து, கைகளில் சுருக்கு மேல் சுருக்காக வைத்துத் தைக்கச் சொன்னார். “தம்பி, இது ரெண்டு தெரு தள்ளி நிண்டாலும் தெரியுமடா” என்று அம்மா தலையில் கைவைத்தார். “தெரியத்தானே அக்கா தைக்கிறது” என்றார் மாமா.

கச்சேரியன்று மத்தியானம் ஒலி சரிபார்க்கப் போனபோது மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனார். மேடையில் குழுவை வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இறகு கட்டிய ஆட்டக்காரப் பெண்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்தக் குழுவோடு என்றைக்கும் ஓர் இறகு கூட இருந்ததில்லை. ஒழுங்கமைப்பாளர் ஒரு பெண், மரியாதையான குரல், ஓயாத புன்னகை. மாமாவைக் கண்டதும் அந்தப் புன்னகை கொஞ்சம் தடுக்கியது. முரசின் ஓசை மற்ற ஒலிவாங்கிகளுக்குள் புகுந்துவிடுகிறது, அதனால் அதைத் திரைக்குப் பின்னால் வைப்பதுதான் நல்லது என்றார். அப்படியானால் பக்கத்தில் நின்ற மற்ற மேளங்களின் ஓசை புகாதா என்று நான் கேட்டேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. தொலைக்காட்சி வருகிறது, விளம்பரத்தில் பிரேசில் என்று போட்டிருக்கிறது, பார்க்கிறவர்கள் குழம்பக் கூடாது பாருங்கள் என்றார். இந்த மனிதரைப் பார்த்தால், என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் தன் கையால் காற்றில் ஒரு வட்டம் வரைந்தார்.

அதை நான் தமிழில் மாமாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் சொன்ன சொற்களில் அவ்வளவு கசந்தவை வேறில்லை. “என்னவாம்?” என்று மாமா கேட்டார். “உங்களைப் பாத்தா பிரேசில்காரர் மாதிரித் தெரியேல்லையாம், மாமா. திரைக்குப் பின்னாலை நிக்கட்டாம்.” அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார், அவ்வளவுதான். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து பிரெஞ்சில் கத்தினேன். பிரேசிலில் எத்தனை நிறத்து மனிதர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இவருடைய கையைப் பார்த்துத்தான் இந்த ஐந்து பேரும் வாசிக்கிறார்கள், கையை ஒளித்துவிட்டு எதை வாசிக்கச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மறுபடியும் புன்னகைத்தார். கித்தார்க்காரர் நிலத்தைப் பார்த்தார். குழுவினர் ஏற்கெனவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். இன்னொரு பெரிய மேடை தங்களுக்கு இனி வராது என்று தெரிந்தவர்கள். அதெல்லாம் எனக்கு இப்போது விளங்குகிறது. அன்றைக்குக் கித்தார்க்காரரையும் சேர்த்துத்தான் வெறுத்தேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைப்பவர்கள் உடைக்கட்டும், பார்த்துக்கொண்டு நிற்பவர்களை என்ன சொல்வது? “கத்தாதை பிள்ளை, தொண்டை போகும்” என்று சொல்லிவிட்டு மாமா முரசைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போனார்.

மாலை வெயில் இன்னும் மிச்சமிருக்க, எங்கள் ஆட்கள் இரண்டு வான்களில் வந்து இறங்கினார்கள். மாஸ்டர் கோட்டுப் போட்டிருந்தார். அம்மா நடுவில் நின்று மேடையில் ஒவ்வொரு முகமாகத் தேடினார். ஐந்து பேர் வந்தார்கள், இறகுக்காரிகள் வந்தார்கள், மாமா வரவில்லை. “எங்கை பிள்ளை உன்ரை மாமா? சாமான் ஏத்தி இறக்கவோ பிடிச்சவங்கள்?” என்று மாஸ்டர் கேட்க, நாலைந்து பேர் சிரித்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைத்த கதை என்பார்களே, அது என் கண்முன்னால் நடந்தது. இரண்டு தெரு தள்ளித் தெரியும் சட்டை, இருபது அடி தள்ளித் தெரியவில்லை. முரசு மட்டும் கேட்டது, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத அயல் வீட்டுச் சத்தம்போல.

முதல் பாட்டு தடுமாறியது. இரண்டாவதும் அப்படியே. அவர்கள் வாசித்துக்கொண்டே அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க ஒரு கை இருக்கவில்லை. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் கித்தார்க்காரர் அசையாமல் நின்றார். சனம் கை தட்டியது, பிறகு ஓய்ந்தது. அவர் தன் ஒலிவாங்கித் தண்டைத் தூக்கி அப்படியே திருப்பி வைத்தார். தானும் திரும்பித் திரையைப் பார்த்து நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஆட்டக்காரப் பெண்கள் என்ன செய்வதென்று தெரியாமல் ஒதுங்கினார்கள்.  பிறகு திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அடி விழுந்தது, கனமாக, அவசரமில்லாமல். அதிலிருந்து பாட்டு எழுந்த விதத்தை எனக்கு எழுதத் தெரியாது. முடியும்வரை அவர்கள் சனத்தின் பக்கம் திரும்பவேயில்லை.

சனம் கூத்தாடியது. எங்கள் ஆட்கள் மட்டும் கல்லாக நின்றார்கள். மேடை ஏறுகிறவன் சபையை வணங்கித் தொடங்க வேண்டும், சபைக்கு முதுகு காட்டவே கூடாது என்று வளர்ந்தவர்கள் அல்லவா? “சபைக்கு முதுகைக் காட்டுறாங்கள்! மரியாதை தெரியாததுகள். இதைப் பாக்கவோ எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர்?” என்றார் மாஸ்டர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்ப, அதற்குள் அம்மா பேசினார். மண்டபத்தில் தேத்தண்ணி ஊற்றும்போதுகூடக் குரல் உயர்த்தாத மனுஷி.

“மாஸ்டர், நாங்கள் சின்னனா இருக்கேக்கை சுவாமியார் எப்பிடி நிண்டு பூசை வைச்சவர்?”

மாஸ்டர் மேடையை விட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“எங்களுக்கு முதுகைக் காட்டி, பீடத்தைப் பாத்துத்தானே வைச்சவர்? அதை ஆரும் மரியாதையில்லை எண்டு சொன்னதோ? உவை என்ரை தம்பியைப் பாத்து நிக்கினம். பேசாமல் நிண்டு கேளுங்கோ.”

திரும்பி வரும்போது காரில் மாமா முன் சீற்றில் சட்டை கசங்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பெண்ணைத் திட்டினேன், விழாவைத் திட்டினேன், மாஸ்டரைத் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வேறு ஒன்று சொன்னார். “அந்தத் துணி கண்ணறைத் துணி பிள்ளை, வலை மாதிரி. வெளிச்சத்திலை நிக்கிறவனுக்கு அது சுவர். இருட்டுக்கை நிண்ட எனக்கு எல்லாம் தெரிஞ்சது. அவங்கள் அஞ்சு பேற்றை முகத்தையும் நான் பாத்துக்கொண்டுதான் அடிச்சனான். கித்தார்க்காரன் எனக்குக் கண்ணடிச்சவன். அவனுக்கு என்னைத் தெரியேல்லை. ஆனா நான் எங்கை நிப்பன் எண்டு தெரியும்.” அம்மா பின் சீற்றில் மூக்கை உறிஞ்சினார். மாமா கார்க் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பித் தலையைச் சீவினார்.

அதோடு முடிந்திருந்தால் நானும் ஆறியிருப்பேன். அன்றிரவு கொதித்துப்போயிருந்த விழாக்காரர்கள், பத்திரிகைகள் அந்த முதுகுகளை வானளாவப் புகழ்ந்ததும் குளிர்ந்துபோனார்கள். புகழை உதறிய கலைஞர்களின் பேரமைதி என்றார் ஒருவர். அகதி வாழ்வின் இருட்டு என்றார் இன்னொருவர். கச்சேரி இசைத்தட்டாக வந்தது, அந்தப் படமே அட்டையானது. பின்பக்கத்தில் ஐந்து பெயர்கள். முரசுக்கு நேரே ஒரு பெயரும் இல்லை, அது தானாகவே தன்னை அடித்துக்கொண்டதுபோல. பேட்டி எடுக்க வந்த ஒவ்வொருவரிடமும் கித்தார்க்காரர் மாமாவைப் பற்றிச் சொன்னார். அவர் மேல் இருந்த என் கோபம் அதில்தான் கரைந்தது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள், எழுதவில்லை. இருட்டு என்று எழுதினால் ஆழமாக இருக்கிறது. பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த மன்னார்க்காரர் ஒருவர் அங்கே நின்றார் என்று எழுதினால், அவரை ஏன் அங்கே நிறுத்தினீர்கள் என்றும் எழுத வேண்டும் அல்லவா? ஒரு மனிதரை ஒளித்தார்கள். பிறகு ஒளித்த இடத்தையே கலை என்று விற்றார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

கித்தார்க்காரர் இப்போது இல்லை. மாமா புரோசார்டில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் நோவு, ஆனால் சீப்பு சட்டைப் பையிலேயே இருக்கிறது. கோப்பிக் கடைக்காரர் என்னைக் கவிஞராக்கி அனுப்பிய அடுத்த சனிக்கிழமை, நான் காரை எடுத்துக்கொண்டு போய் மாமாவைக் கூட்டிவந்தேன். விஷயத்தைச் சொன்னதும் நல்ல உடுப்பு மாற்ற அரை மணி நேரம் எடுத்தார். கடைக்குள் வந்தவர் முதலில் படத்தின் கண்ணாடியில் தலையைச் சரிபார்த்தார். பிறகு விரலைத் தூக்கி, கித்தார் வார் தெரியும் முதுகுக்கு நேரே, கறுப்பில் ஓரிடத்தைத் தொட்டார். “நான் நிண்டது இஞ்சை” என்றார். கடைக்காரர் தட்டோடு வந்து எங்களுக்குப் பக்கத்தில் நின்றார். நான் எல்லாவற்றையும், தொலைக்காட்சியையும் இறகுகளையும் சேர்த்து, அவருக்குச் சொன்னேன். அவர் மரியாதையாகச் சிரித்தார்.

“என்னவாம்?” என்றார் மாமா.

“நம்பேல்லை மாமா.”

மாமா விரலைப் படத்திலிருந்து எடுக்கவில்லை. “அது கிடக்கட்டும். சேட்டு என்ன நிறமெண்டு மட்டும் அவருக்குச் சொல்லிவிடு.”

நான் சொன்னேன். கடைசி மேசை வரைக்கும் கேட்கிற குரலில் பிரெஞ்சில் சொன்னேன். கிளிப்பச்சை. சாட்டின் துணி. இரண்டு கைகளிலும் சுருக்கு மேல் சுருக்கு. என் அம்மா தைத்தது. போட்டிருந்தவர் இவர். கோப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கடைக்காரர் சிரிப்பை நிறுத்தி, தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, மாமாவின் விரல் இருந்த கறுப்பை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கு வசதியாக மாமா விரலை எடுத்துவிட்டு, கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் அவர்கள் எல்லோரையும் பார்த்து நிமிர்ந்து நின்றார்.